பெயரும் பொருளும்: பைதன் செய்நிரல்களில் மாறிகளைப் பகிரும் முறை

தோற்றுவாய்

பெரியதொரு கருமத்தைப் பலர் கூடிச் செய்யுமிடத்து, அவரெல்லார்க்கும் பொதுவாகிய சில செய்திகள் இருத்தல் இயல்பு. அச்செய்திகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, அவற்றை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, மாற்றப்பட்டதை ஏனையோர் எவ்வாறு அறிவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் தெளிவான விடை இல்லாதவிடத்துக் கருமம் செவ்வனே நிறைவேறாது. கணினிக்கென எழுதப்படும் செய்நிரல்களுக்கும் இவ்விதி முற்றும் பொருந்தும். சிறு செய்நிரல் ஒரே கோப்பில் அடங்கும். பெரியது பல பகுதிகளாக வகுக்கப்படும். பைதன் மொழியில் அப்பகுதிகள் மொடியூல்கள் எனப்படும். ஒரு மொடியூலில் உள்ள மாறியின் மதிப்பை மற்றொரு மொடியூல் அறிந்து பயன்படுத்துவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பைதன் மொழியை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டவராகிய குய்டோ வான் றொசம் என்பார். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித, கணினி ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த காலத்தில், 1989ஆம் ஆண்டு இறுதியில் அவர் தொடங்கிய பணி 1991இல் வெளியுலகிற்கு வந்தது. இன்று இலங்கையின் க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயிலும் மாணவர் இம்மொழியையே கற்கின்றனர். ஆயினும் வகுப்பறைப் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு கோப்பளவில் அமைவதால், பல மொடியூல்களிடையே மதிப்புகளைப் பகிரும்போது நேரும் இடர்கள் பலர்க்குத் தொழிலிற் புகுந்த பின்னரே தெரியவருகின்றன.

பெயர் வேறு, பொருள் வேறு

இலக்கண நூலார் திரிசொல்லை இருவகைப்படுத்துவர். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒருவகை. பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. பைதன் மொழியின் மாறிகளை விளங்குதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைபுரியும்.

மாறி என்பது மதிப்பை இட்டுவைக்கும் பெட்டி என்றே பல பாடநூல்கள் கூறும். பைதனைப் பொறுத்தவரை அவ்வுவமை முழுதும் பொருந்தாது. இம்மொழியில் மதிப்பு என்பது நினைவகத்தில் தனித்து நிற்கும் ஒரு பொருள். மாறி என்பது அப்பொருளுக்கு இடப்பட்ட பெயர். சமக்குறியின் வேலை, வலப்புறத்துப் பொருளை இடப்புறத்துப் பெயரோடு பிணைப்பதேயன்றி வேறன்று. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். அவ்வாறே ஒரே பெயர் வெவ்வேறு மொடியூல்களில் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கலாம். ஒவ்வொரு மொடியூலுக்கும் தனித்தனிப் பெயரேடு உண்டு என்பதே அதற்குக் காரணம்.

பெயரை மாற்றிப் பிணைப்பது ஒரு செயல். பொருளையே மாற்றுவது மற்றொரு செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே மாறிகளைப் பகிரும்போது நேரும் பிழைகளுட் பெரும்பாலானவற்றின் வேராகும்.

மொடியூல் ஒருமுறையே ஆக்கப்படும்

ஒரு மொடியூலைப் பயன்படுத்த விரும்பும் மற்றொரு மொடியூல் 'இம்போர்ட்' என்னும் கட்டளையால் அதனை அழைக்கும். முதன்முறை அழைக்கப்படும்போது அம்மொடியூலின் வரிகள் மேலிருந்து கீழாக ஒருமுறை நிறைவேற்றப்படும்; அதன் பயனாக மொடியூல் என்னும் பொருள் ஒன்று தோன்றும். அப்பொருளைப் பைதன் தன் அட்டவணையொன்றில் அம்மொடியூலின் பெயரால் பதிந்துவைக்கும். அடுத்து எத்தனை மொடியூல்கள் அதே பெயரை அழைப்பினும் வரிகள் மீண்டும் நிறைவேறா. முன்னர்ப் பதியப்பட்ட அதே பொருளே யாவர்க்கும் வழங்கப்படும்.

இந்த ஒருமையே பகிர்தலுக்கு அடிப்படை. பொது மதிப்புகளை ஒரு தனி மொடியூலில் வைத்து, வேண்டுவோரெல்லாம் அம்மொடியூலை அழைத்துக்கொள்ளும் முறையையே பைதன் மொழியின் அதிகாரபூர்வமான வினாவிடைத் தொகுப்பும் பொதுவழியாகக் காட்டுகின்றது.

மாறாத மதிப்புகளைப் பகிர்தல் மிக எளிது. 'ஓப்பன் தமிழ்' என்னும் திறந்த மூல நூலகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழ் எழுத்துக்களைக் கணினி முறைப்படி பகுத்தறிதற்கெனப் பைதனில் எழுதப்பட்ட அந்நூலகத்தில், உயிரெழுத்துக்கள், மெய்யெழுத்துக்கள் முதலியன ஒரு மொடியூலிற் பட்டியல்களாக வைக்கப்பட்டுள்ளன. எழுத்தை ஆராயும் ஏனைய பகுதிகள் அங்கிருந்து அவற்றைப் பெறுகின்றன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆகத் தமிழெழுத்து 247 என்பது செய்நிரல் ஓடும்பொழுது மாறுவதன்று. எனவே எவ்வகையில் அழைத்துப் பகிரினும் கேடில்லை. இடர் தோன்றுவது மாறும் மதிப்புகளைப் பகிரும்போதே.

றொசல்லவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் இருப்புப்பாதையில், வட்டவளையைக் கடந்தபின் வருவது றொசல்ல. அப்பகுதியில் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்திற்கெனப் பைதனில் ஒரு செய்நிரல் எழுதப்படுவதாகக் கொள்க. காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் பதிவாகும், கொழுந்து நிறுக்கப்படும், மாத முடிவிற் செக்ரோலைக் கொண்டு சம்பளம் கணிக்கப்படும். தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையையே குறிக்கும். குறைவாகக் கொழுந்து எடுத்தவர்க்கு 'அரைப்பேர்' விழுவதும் உண்டு. ஆகவே கணக்கில் ஒரு பிழை நேரின், அது தொழிலாளி ஒருவரின் ஊதியத்தையே தாக்கும்.

இச்செய்நிரல் நான்கு மொடியூல்களாக வகுக்கப்பட்டது எனக் கொள்க. அவை செக்ரோல், சம்பளம், சேமநிதி, வீதங்கள் என்பன. நாட்கூலி என்னும் மாறி வீதங்கள் மொடியூலில் உள்ளது. பைதனின் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளிவந்த காலந்தொட்டு மாறிகளுக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம் என்பது ஈண்டு அறியத்தக்கது. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் அமைவன; அவை இக்கட்டுரையில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

நாட்கூலி மாறாத மதிப்பன்று. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் 1,700 ரூபாவாக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்து, உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உட்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா என வேறோர் அறிவித்தல் வந்தது. ஓராண்டுக்குள் இத்துணை அசைவு கண்ட ஒரு மதிப்பைச் செய்நிரலின் பல பகுதிகளும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

அழைப்பின் இரு வகை

வீதங்கள் மொடியூலில் உள்ள மதிப்பைப் பெற இருவழிகள் உள. சம்பளம் மொடியூலை எழுதியவர் முதல் வழியைக் கைக்கொண்டார் எனக் கொள்க:

இம்போர்ட் வீதங்கள்
தொகை = நாட்கள் * வீதங்கள்.நாட்கூலி

சேமநிதி மொடியூலை எழுதியவர் இரண்டாம் வழியைக் கைக்கொண்டார்:

ஃப்ரொம் வீதங்கள் இம்போர்ட் நாட்கூலி
தொகை = நாட்கள் * நாட்கூலி

இரண்டாவது சுருக்கமாயும் அழகாயும் தோன்றும். தொடக்கத்தில் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆயினும் அவற்றின் உட்பொருள் வேறு. முதல் வழியிற் 'வீதங்கள்' என்னும் மொடியூலுக்கே பெயர் பிணைக்கப்படுகின்றது. நாட்கூலி வேண்டப்படும் ஒவ்வொரு முறையும் அம்மொடியூலின் ஏட்டைத் திறந்து அப்போதுள்ள மதிப்பு படிக்கப்படுகின்றது. இரண்டாம் வழியிலோ, அழைக்கப்பட்ட அக்கணத்தில் இருந்த மதிப்பிற்குச் சேமநிதி மொடியூலின் சொந்த ஏட்டிற் புதியதொரு பெயர் இடப்படுகின்றது. அதன்பின் வீதங்கள் மொடியூலில் என்ன நிகழினும் அப்பெயர் பழைய பொருளையே பற்றி நிற்கும்.

காலையில் 1,000 ரூபா என்னும் வீதத்துடன் ஓடத்தொடங்கிய செய்நிரலில், நண்பகலில் உரிய அலுவலர் திரைவழியே வீதத்தை 1,350 ஆக மாற்றுகின்றார் எனக் கொள்க. 25 நாள் வேலை செய்த ஒருவரின் சம்பளத்தைச் சம்பளம் மொடியூல் 33,750 ரூபா எனச் சரியாகக் கணிக்கும். சேமநிதி மொடியூல் அதே 25 நாளுக்கு 25,000 ரூபாவையே அடிப்படையாகக் கொள்ளும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, தொழில் வழங்குநரின் பங்கு நூற்றுக்கு 12. எளிமைக்காக நாட்கூலி முழுவதும் இக்கணக்கிற் சேர்வதாகக் கொண்டால், நிதிக்குச் செல்லவேண்டிய 6,750 ரூபாவுக்குப் பதிலாக 5,000 ரூபாவே செல்லும். குறைவு 1,750 ரூபா. அதில் 1,050 ரூபா தொழில் வழங்குநர் தரவேண்டிய பங்கு. கையிற் பெறும் சம்பளம் குறையாததால் தொழிலாளி இதனை உடனே உணரார். முதுமைக்கென ஒதுக்கப்படும் பணமே குறைகின்றது.

மறுநாட் காலை செய்நிரல் புதிதாகத் தொடங்கப்படும்போது, மொடியூல்கள் புதிதாக ஆக்கப்பட்டு, சேமித்துவைக்கப்பட்ட புதிய வீதத்தை யாவும் பெறும். பிழை தானே மறைந்துவிடும். சோதித்துப் பார்ப்பவர்க்கு ஒரு குறையும் தோன்றாது. முதல்நாள் எழுதப்பட்ட கணக்கோ பிழையாகவே நிற்கும். இத்தகைய பிழை எச்சரிக்கை எதனையும் எழுப்புவதில்லை. கணினி தனக்கு இட்ட கட்டளையைச் சரியாகவே செய்திருக்கின்றது.

ஆகவே மாறும் மதிப்பைப் பகிருங்கால் மொடியூலை முழுமையாக அழைத்து, புள்ளியிட்டு அதன் உறுப்பைக் குறிப்பிடுதலே நன்று. பெயரைத் தனியே பெயர்த்தெடுத்தல் மாறாத மதிப்புகளுக்கும் சார்புகளுக்கும் ஏற்றது.

ஒருசார் விலக்கு

மேற்கூறியதற்கு மாறுபட்டதுபோலத் தோன்றும் ஒரு நிலை உண்டு. வீதங்கள் மொடியூலில் 'விடுமுறைகள்' என்னும் பட்டியல் இருப்பதாகவும், சேமநிதி மொடியூல் அதனை இரண்டாம் வழியாற் பெயர்த்தெடுத்ததாகவும் கொள்க. வீதங்கள் மொடியூல் அப்பட்டியலில் தீபாவளி நாளைப் புதிதாகச் சேர்க்குமாயின், சேமநிதி மொடியூலும் அதனைக் காணும். இங்கே பெயர் மாற்றிப் பிணைக்கப்படவில்லை. இரு பெயர்களும் குறித்துநிற்கும் ஒரே பொருளே மாற்றமடைந்தது. ஆனாற் பட்டியலிற் சேர்க்காது, புதிய பட்டியலொன்றை ஆக்கி அதே பெயருக்குப் பிணைப்பின், சேமநிதி பழைய பட்டியலையே பற்றிநிற்கும். எண்ணும் சொற்றொடரும் உள்மாற்றம் பெறாப் பொருள்கள். பட்டியலும் அகராதியும் உள்மாற்றம் பெறுவன. இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கு முன்னைய விதி முரணாகாது.

'குளோபல்' என்னும் சொல் தரும் மயக்கம்

ஒரு சார்பினுள்ளிருந்து வெளியேயுள்ள மாறியை மாற்றிப் பிணைப்பதற்குக் 'குளோபல்' என்னும் கட்டளைச் சொல் வழங்குகின்றது. உலகளாவியது என்னும் அச்சொல்லின் பொருளைக் கொண்டு, அம்மாறி செய்நிரல் முழுமைக்கும் பொதுவென மாணவர் பலர் கருதுவர். அது தவறு. பைதனிற் குளோபல் என்பது அச்சார்பு எழுதப்பட்ட மொடியூலின் எல்லையளவே பரந்தது. செக்ரோல் மொடியூலின் சார்பொன்றிற் 'குளோபல் நாட்கூலி' என எழுதி 1350 என மதிப்பிட்டால், செக்ரோலின் ஏட்டில் நாட்கூலி என்னும் புதுப்பெயர் தோன்றுமேயன்றி, வீதங்கள் மொடியூலின் நாட்கூலி அணுவளவும் மாறாது. அதனை மாற்ற வேண்டின் 'வீதங்கள்.நாட்கூலி = 1350' என உரிய இல்லத்தைச் சுட்டியே எழுதுதல் வேண்டும்.

இருமுறை பிறத்தலும் வட்டமாக அழைத்தலும்

மொடியூல் ஒருமுறையே ஆக்கப்படும் என்ற விதி, அதன் பெயரைக் கொண்டே காக்கப்படுகின்றது. ஒரே கோப்பு இரு பெயர்களால் அறியப்படுமாயின் அது இரு மொடியூல்களாகும். நேரடியாக ஓடத்தொடங்கும் கோப்பிற்குப் பைதன் 'மெயின்' என்னும் சிறப்புப் பெயரை இடும். செக்ரோல் கோப்பே அவ்வாறு தொடங்கப்பட்டு, பின்னர்ச் சம்பளம் மொடியூல் 'இம்போர்ட் செக்ரோல்' எனக் கேட்குமாயின், அப்பெயரில் ஒன்றும் பதியப்படாமையால் அக்கோப்பு இரண்டாம் முறையும் ஆக்கப்படும். ஒன்றிற் பதிந்த பெயர்கள் மற்றொன்றிற் காணப்படா. பகிரப்படும் மாறிகளைத் தொடக்கக் கோப்பில் வைக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

செக்ரோல் சம்பளத்தையும், சம்பளம் செக்ரோலையும் அழைப்பின் வேறோர் இடர் உண்டு. முதலாவது ஆக்கப்பட்டு முடியுமுன் இரண்டாவது தொடங்கிவிடும். அது முதலாவதைக் கேட்கும்போது பாதி நிரம்பிய ஏட்டையே பெறும். அதில் இன்னும் எழுதப்படாத பெயரைத் தேடின் செய்நிரல் பிழை கூறி நின்றுவிடும். இருவர்க்கும் பொதுவானவற்றை மூன்றாவது மொடியூலொன்றிற்கு மாற்றி, அம்மூன்றாவது இவ்விரண்டையும் அழையாதவாறு அமைத்தலே இதற்குப் பரிகாரம். வீதங்கள் மொடியூல் எவரையும் அழையாது, யாவராலும் அழைக்கப்படுவதாக இருத்தல் வேண்டும்.

சஹனாவில் இச்சிக்கல்

இதுகாறும் கூறியவை தோட்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு மதிப்பைப் பற்றியவை. ஒரே நேரத்திற் பலர்க்குப் பல மதிப்புகளாக வேறுபடும் மாறியைப் பகிர்தல் அதனினும் அரிது. இதற்கு இலங்கை மண்ணிற் கருக்கொண்ட செய்நிரலொன்றே சான்றாகும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளைத் தாக்கி முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துதற்கு இலங்கைத் தொண்டர்கள் விரைந்து ஒரு செய்நிரலை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹனா' என்னும் சிங்களப் பெயர் அதற்கு இடப்பட்டது. லங்கா மென்பொருள் மன்றம் அதனை வளர்த்தது. 2006ஆம் ஆண்டிற்கான சமூகநலப் பணி விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. முதலிற் பீஎச்பீ மொழியில் அமைந்த சஹனா, பின்னர் 'சஹனா ஈடன்' என்னும் பெயரிற் பைதனிற் புதிதாக எழுதப்பட்டது. 2010இல் ஹெயிட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது பயன்பட்டது.

சஹனா ஈடன், சிக்காகோவின் டீபோல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாசிமோ டி பியெரோ 2007இல் வெளியிட்ட 'வெப்டூபை' என்னும் சட்டகத்தின்மேற் கட்டப்பட்டது. அச்சட்டகத்திற் சில கோப்புகள், வருபவரின் வேண்டுகோள், அவர் யாரென்னும் அடையாளம், தரவுத்தளம் ஆகிய பெயர்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்ட சூழலில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக நிறைவேற்றப்படுகின்றன. ஆனால் இம்போர்ட் கட்டளையால் அழைக்கப்படும் வழக்கமான மொடியூல்களுக்கு அப்பெயர்கள் தெரியா. முன்னர்க் கண்டவாறு ஒவ்வொரு மொடியூலுக்கும் தன் ஏடே உண்டு.

இக்குறையை நீக்குதற்கு வெப்டூபை 'கரண்ட்' என்னும் ஒரு பொருளை வழங்குகின்றது. 'நடப்பு' என அதனைத் தமிழிற் கூறலாம். நடப்பு வேண்டுகோளுக்குரிய செய்திகள் அதன் உறுப்புகளாக வைக்கப்படுகின்றன. சஹனா ஈடனின் மொடியூல்கள் தரவுத்தளத்தையும், அந்தந்த நாட்டு நிறுவனத்திற்கு ஏற்ப அமைத்துக்கொண்ட ஒழுங்குகளையும் அதன்வழியே பெறுகின்றன. அது சாதாரணப் பொருளன்று. இழைக்கு இழை தனித்தனி மதிப்பைக் காட்டும் இயல்புடையது. ஒரே செய்நிரலுள் ஒருங்கே ஓடும் வேலைத்தொடர்களே இழைகள் எனப்படும். இரு முகாம்களிலிருந்து இருவர் ஒரே கணத்தில் வேண்டுகோள் விடுப்பின், இருவர்க்கும் பெயர் 'கரண்ட்' என்பதே; ஆயினும் ஒருவரின் செய்தி மற்றவர்க்குத் தோன்றாது.

இந்த ஏற்பாட்டையும் முன்னர்க் கூறிய பிழையே குலைக்கவல்லது. மொடியூலின் தலைப்பிலேயே, சார்பு எதற்கும் வெளியே, 'தளம் = கரண்ட்.டீபீ' என ஒருவர் எழுதுவாராயின், அவ்வரி முதல் அழைப்பில் ஒருமுறை மட்டுமே நிறைவேறும். முதலில் வந்தவர்க்குரிய தொடர்பு அப்பெயரிற் பிணைந்துவிடும். பின்னர் வருபவர்க்கெல்லாம் அப்பழைய பொருளே கிட்டும். ஆதலின் 'கரண்ட்' பொருளை மொடியூலின் தலைப்பிற் படிக்கலாகாது, வேண்டும்போது சார்பினுள்ளேயே படிக்க வேண்டும் என வெப்டூபையின் கைநூல் எச்சரிக்கின்றது. தோட்டத்துச் செய்நிரலில் இப்பிழை பணத்தைக் குறைக்கும். இடம்பெயர்ந்தோரைப் பதியும் செய்நிரலில் ஒருவர்க்குரிய செய்தி வேறொருவர் கையிற் சேரவும் இடமுண்டாம்.

ஒரே இழையிற் பல வேலைகள் மாறிமாறி நிகழும் புதிய முறையில் இழைவாரியான பிரிப்பும் போதாது. அதற்கென 2018இல் வெளிவந்த பைதன் 3.7 பதிப்பிற் சூழல் மாறிகள் என்னும் வசதி சேர்க்கப்பட்டது.

ஒற்றைத் தடத்திற்கு ஒரு தகடு

தனித்தனி மதிப்பு வேண்டாது, ஒரே மதிப்பைப் பல இழைகள் மாற்றவேண்டிய நிலையும் உண்டு. நிறுத்த கொழுந்தின் மொத்தம் 400 கிலோவாக இருக்கும்போது, ஒரு நிறுவைத் தளத்திலிருந்து 12 கிலோவும், மற்றொன்றிலிருந்து 15 கிலோவும் ஒரே நேரத்தில் வருவதாகக் கொள்க. கூட்டுதல் என்பது கணினிக்கு மூன்று செயல்: பழையதைப் படித்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல். இரு இழைகளும் 400ஐப் படித்தபின் ஒன்று 412 என எழுத, மற்றது 415 என எழுதும். இருக்கவேண்டிய 427இல் 12 கிலோ மறைந்துபோகும்.

மலைநாட்டு இருப்புப்பாதை இதற்குத் தீர்வு காட்டும். ஒற்றைத் தடமாகிய அப்பாதையில் இரு நிலையங்களுக்கிடையே எதிரெதிராகப் புகைவண்டிகள் செல்லாதிருத்தற்கு 'டேப்லட்' என்னும் வட்டத்தகடு நெடுங்காலம் வழங்கிவந்தது. அத்தகட்டைக் கையிற் பெற்ற சாரதியே அப்பகுதியுள் நுழையலாம். அவர் அடுத்த நிலையத்தில் அதனை ஒப்படைத்த பின்னரே வேறொரு வண்டிக்குத் தகடு வழங்கப்படும். பைதனின் 'லொக்' என்னும் பூட்டும் இத்தகையதே. பூட்டைப் பெற்ற இழையே மொத்தத்தைப் படித்துக் கூட்டி எழுதும், மற்றது காத்திருக்கும். தகட்டைத் திருப்பித் தர மறந்தால் தடம் முழுவதும் அடைபடும். ஆதலால் வேலை முடிந்தவுடன் பூட்டு தானே விடுபடுமாறு 'வித்' என்னும் கட்டளையோடு அதனைப் பயன்படுத்துவர்.

மொடியூலின் மாறி ஒரே செய்நிரல் ஓட்டத்தின் எல்லைக்குட்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அலுவலகத்தில் ஒரு கணினியும் தொழிற்சாலையில் ஒரு கணினியும் ஒரே செய்நிரலை ஓட்டினும், அவற்றின் நினைவகங்கள் வேறு. ஒன்றில் மாற்றியதை மற்றது அறியாது. ஆண்டுப் பொதுவான மதிப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்து இரண்டும் அங்கிருந்தே படித்தல் வேண்டும்.

பகிராமையும் ஓர் அறிவு

எல்லாவற்றையும் பகிர்தல் சிறப்பன்று. பொது மாறிகள் பெருகப் பெருக, எந்தச் சார்பு எதனை மாற்றியது எனத் தேடுதல் அரிதாகும். ஒரு சார்பிற்கு வேண்டிய மதிப்பை அதனை அழைக்கும்போதே கையிற் கொடுத்து, விடையைத் திரும்பப் பெறுதலே தெளிந்த முறை. கொடுத்த மதிப்பும் பெற்ற விடையும் கண்முன்னே நிற்பதாற் சோதித்தல் எளிது.

நாட்கூலியையே மீண்டும் நோக்குக. உண்மையில் அது ஒற்றை மதிப்பன்று; நாளுக்கு ஏற்ப வேறுபடுவது. 2023ஆம் ஆண்டு வேலை செய்த நாளுக்கு நிலுவை பார்க்கவேண்டின், 1,000 ரூபா வீதமே வேண்டும். 2024 டிசெம்பர் நாளுக்கு 1,350 ரூபா வீதமே வேண்டும். ஒரு மாறியை மேலெழுதிக்கொண்டே போனாற் பழைய கணக்கு அழியும். ஆகவே ஒவ்வொரு வீதமும் எத்திகதி முதல் நடைமுறைக்கு வந்தது என்பதைப் பட்டியலாக வீதங்கள் மொடியூல் வைத்திருக்க, திகதியைக் கொடுத்துக் கேட்பவர்க்கு உரிய வீதத்தைத் தரும் சார்பொன்றை அது வழங்குதலே பொருத்தமாம். அப்பொழுது சம்பளமும் சேமநிதியும் வீதத்தைத் தம்மிடம் பெயர்த்து வைக்கமாட்டா, வேண்டும்போதெல்லாம் கேட்டறியும். அறிவித்த வீதம் தடைப்பட்டாலும் திருத்தவேண்டிய இடம் ஒன்றேயாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம். மாறாத மதிப்புகளை விரும்பியவாறு பகிரலாம். மாறும் மதிப்புக்கு ஒரே மொடியூலை இல்லமாக வகுத்து, அம்மொடியூலின் பெயரோடு சேர்த்தே அதனைச் சுட்டல் வேண்டும். மாற்றும் உரிமையும் அவ்வில்லத்திற்கே இருத்தல் வேண்டும். ஆளுக்கு ஆள் வேறுபடும் செய்திகளை நடப்புச் சூழலிற் படித்து, அங்கேயே விட்டுவிடல் வேண்டும். ஒருங்கே மாற்றப்படுவதைப் பூட்டினாற் காத்தல் வேண்டும். கையிற் கொடுத்தால் முடிவதற்குப் பொது மாறி வேண்டா.

செய்நிரல் எழுதுவோர் பெரும்பாலும் அதன் பயனை அடைவோரை நேரிற் காண்பதில்லை. நாட்கூலியைப் பெயர்த்தெடுத்த ஒரு வரியை எழுதியவர், மலைச்சரிவிற் கூடை சுமந்து நின்ற ஒருவரின் முதுமைக்காலப் பணத்தில் 1,750 ரூபா குறைந்ததை அறியமாட்டார். அக்குறையைத் தடுப்பதற்கு வேண்டியது பெரும் புலமையன்று; 'வீதங்கள்' என்னும் ஒரு சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்த்து எழுதும் பழக்கமே.